பத்துப் பாதாம்

…பத்து, காலையில் எண்ணித்தான் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் மகள், ஒன்று குறைந்தால் பூனை தின்றுவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, இந்த வீட்டில் பூனையும் இல்லை. ஊறின பாதாமை அம்மா விரலால் அழுத்தினாள், தோல் கையில் நிற்க, பருப்பு துள்ளிப்போய் மடியில் விழுந்தது, சனியன்… எவனோ எங்கேயோ ஆராய்ச்சி பண்ணினானாம், வயசானவர்கள் தினம் கொஞ்சம் கொட்டைப் பருப்பு தின்றால் மூளை மழுங்காதாம், மகள் போனில் படித்த மறுநாளே இரண்டு கிலோ வந்து இறங்கிவிட்டது. யாருக்கு மூளை மழுங்குகிறது? முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, அறுநூறு நம்பரைத் தலையிலேயே வைத்திருந்தவளுக்கா? போன மாசம் மருந்துக்கடையிலிருந்து வரும்போது ஒரே ஒரு தரம் பக்கத்துத் தெருவில் நுழைந்துவிட்டாள், அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? வியாழக்கிழமை டாக்டர், அவர் உதட்டைப் பிதுக்கினால் வாசல் சாவி மகள் கைக்குப் போய்விடும், அப்புறம் தனியாகப் படி இறங்கக்கூட முடியாது… பிதுக்கட்டும் பார்க்கலாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாராம், தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, முதலில் அவர் கழிப்பாரா?

பல்செட்டுக்கு அடியில் ஒரு துணுக்கு புகுந்து குத்தியது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், இவளுக்குப் பல்தான் போயிருக்கிறது. 'அம்மா சாப்பிட மறந்துட்டாங்க' என்று போன வாரம் இரண்டு தரம், டாக்டருக்குக் காட்டும் நோட்டில் எழுதிவைத்திருந்தாள் மகள், மறக்கவில்லையடி, வாய் வலி, சொன்னால் பல் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போவாய்… பத்தையும் மென்று விழுங்கி, பத்துத் தோலையும் தட்டில் வரிசையாக அடுக்கினாள், நாளைக்குச் சாட்சி வேண்டுமே.

ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் வந்தாள், கையில் இன்னொரு கிண்ணம். "இந்தாம்மா, நேத்து ஊறவெச்ச பாதாமை உனக்குக் குடுக்கவே இல்ல பாரு." ஓகோ, டாக்டருக்கு முன்னால் வீட்டிலேயே பரீட்சையா, யாரிடம் நடக்கும் இந்த வேலை, "இது என்ன, எண்ணிக்கோ" என்று தட்டை முன்னால் தள்ளினாள். மகள் தட்டைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், மறுபடி தட்டை. முகத்தில் குறும்பு எதுவும் இல்லை, வெளிறிப்போயிருந்தது. "நானா குடுத்தேன்?" என்றாள்.

நாற்பத்தொன்பது வயசு… ஐயோ, பாவிப் பெண்ணே, அந்த ஆராய்ச்சியை யாருக்காகத் தேடிப் படித்தாய்? ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் தள்ளின தட்டை மெல்லத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். "நீ எங்க குடுத்த? நான்தான் ராத்திரி தனியா ஊறவெச்சேன், உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்று வாய் அதுபாட்டுக்குப் பொய் சொல்லிவிட்டது. "அப்படியா? நான் பயந்தே போயிட்டேன்மா." மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், முகத்தில் ரத்தம் திரும்பியது, இனி வியாழக்கிழமை டாக்டரிடம் இதையும் சொல்வாள், சொல்லட்டும், சாவி போனால் போகட்டும். ஆனால் மழுங்கிப்போக மட்டும் தனக்கு இனி நேரமில்லை, யார் சொன்னாலும் சரி. "உக்காந்துட்டல்ல, அதை நீயே சாப்பிடு" என்றாள் அதட்டலாக, மகள் மறுபேச்சில்லாமல் ஒன்றை எடுத்தாள்… காப்பாற்றினேனா இவளை, இல்லை, கண்ணைக் கட்டிவிட்டேனா?