வந்த நேரம், சொன்ன நேரம்

என் மனைவி நஜீஹா டாக்டர்தான், ஆனால் நோயாளியின் முகத்தையே பார்க்காத டாக்டர். பெத்தாலஜிஸ்ட். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புற்றுநோய், இது இல்லை என்று சொல்வது அவள் வேலை. புஜைராவில் என் அத்தர் கடைக்கு வரும் கீழக்கரைக்காரர்கள், "தங்கச்சிகிட்ட இருமலுக்கு ஒரு மருந்து கேட்டுச் சொல்லுங்களேன்" என்பார்கள். இருமலைத் துண்டாக வெட்டிக் கொண்டுவாருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்பேன்.

அவள் ஆஸ்பத்திரியில் பெத்தாலஜிஸ்ட்டே மொத்தம் இரண்டு பேர். அவளும், கோர்ஃபக்கானில் இருக்கும் சங்கீதாவும். வாரம் மாற்றி வாரம் ஆன்-கால். போன் அடித்தால் முப்பது நிமிடத்தில் லேபில் நிற்க வேண்டும். இதை யாரும் வேலை நேரத்தில் சேர்ப்பதில்லை. வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்பார்கள். வீட்டில் இருப்பவள் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு குளிப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? துபாய் சத்வாவில் அவள் அண்ணன் சாதிக் பாட்ஷா வீட்டில் இருந்த அவள் உம்மாவைப் பார்க்க ஒன்றரை மணி நேரப் பயணம். ஆன்-கால் வாரத்தில் அது நடக்காது. அந்த ஆஸ்பத்திரியின் மேல் எனக்கு ஆறு வருட எரிச்சல்.

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணியோடு அவள் வாரம் முடிய இருந்தது. முடிந்ததும் உம்மாவைப் பார்க்கப் போவதாகத் திட்டம். பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. துறைமுகத்தில் வெல்டராக இருக்கும் சேதுபதி என்பவருக்கு அவசர ஆபரேஷன். திறந்து பார்த்தால் வயிற்றில் கட்டி. அதில் ஒரு துண்டை உறையவைத்து, சீவி, பார்த்து, இருபது நிமிடத்துக்குள் நஜீஹா பதில் சொல்ல வேண்டும். அதுவரை அந்த மனிதர் வயிறு திறந்தபடி படுத்திருப்பார். லேப் நோட்டில் இதற்கென்றே வந்த நேரம், சொன்ன நேரம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு சாதிக் பாட்ஷா என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், தங்கச்சி போன் எடுக்கல. உம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். இனி தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. நெனவோட இருக்காங்க, அவளத்தான் கேக்குறாங்க. கூட்டிட்டு வாங்க."

"டூட்டியில இருக்கா மச்சான். இப்பச் சொன்னா கை நடுங்கிரும். நாலு மணிக்கு முடிஞ்சிரும், நானே பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன். நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க."

எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்தான். டூட்டியில் இருப்பவனிடம் கெட்ட செய்தியைச் சொல்லமாட்டோம். ஷிஃப்ட் முடியட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும் என்று கூடத் தங்கியிருக்கும் ரூமே வாயை மூடிக்கொண்டிருக்கும். என் வாப்பா மௌத்தானதை எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அதை அன்பு என்றே நானும் நினைத்திருந்தேன்.

ஒரு மணிக்கு நஜீஹா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கேன்சர் இல்ல மச்சான், டிபி கட்டி. குடலைப் பெருசா வெட்ட வேணாம்னு சொல்லிட்டேன்." அதற்குள் போனைப் பார்த்துவிட்டாள். "சாதிக் காக்கா மூணு தடவ கூப்பிட்டிருக்காங்களே. உம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"சும்மாதான். எத்தன மணிக்கு வர்றீங்கன்னு கேட்டாரு. நான் பேசிட்டேன்."

அவள் நம்பினாள். வீட்டுக்கு வந்து உம்மாவுக்காக வட்டிலாப்பம் அவித்தாள். பதம் சரியா என்று எனக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். நான் அதையும் தின்றேன்.

மூன்றே முக்காலுக்கு சாதிக் பாட்ஷா மறுபடி கூப்பிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. முதலில் சங்கீதாவுக்குத்தான் போன் போட்டாள், இன்னும் கால் மணி நேரம் தன் பொறுப்பு அல்லவா. சங்கீதா பதறிப்போனாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"கெளம்பு நஜீஹா, நான் பாத்துக்கறேன். இதுக்குப் போயி கால் மணி நேரக் கணக்கா? இப்படி ஒண்ணுன்னா மத்தியானமே கேட்டிருந்தாலும் அப்பவே எடுத்திருப்பேனே."

ஒரு போன், ஒரு நிமிடம், அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆறு வருடமாக நான் திட்டிய ஆஸ்பத்திரி அன்றைக்கு அவளைப் பிடித்து வைக்கவில்லை. பிடித்து வைத்தது நான்.

வட்டிலாப்பச் சட்டியை அவள் முன்பே காரில் வைத்திருந்தாள், அப்படியே கிளம்பினோம். துபாயில் உம்மாவின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்காமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் சாதிக் பாட்ஷா உடைந்துபோய் அழுதார். "மூணரை வரைக்கும் நல்லாப் பேசுனாங்கம்மா. கதவு தெறக்குறப்பல்லாம் நீதானான்னு பாத்தாங்க. பன்னண்டரைக்கே மச்சான்கிட்டச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கான்னு உம்மாகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நஜீஹா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டு, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நல்லடக்கம் முடிந்து காருக்கு வந்தோம். வட்டிலாப்பச் சட்டி பின்சீட்டில் திறக்காமலே இருந்தது. நான் வண்டியைக் கிளப்பப் போனபோது அவள் கேட்டாள்.

"எத்தன மணிக்கு வந்துச்சு?"

"பன்னண்டரை."

"எத்தன மணிக்குச் சொன்னீங்க?"

நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள்.

"முகமே தெரியாத ஒரு ஆளுக்கு நான் பதினெட்டு நிமிஷத்துல சொன்னேன் மச்சான்" என்றாள்.