திங்கட்கிழமைக் கதவு

தாராவியில் எங்கள் சந்துக்குள் இருந்த பூலோகம் அண்ணாச்சி கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விடுமுறை என்றால் அரசாங்கத்தின் கண்ணுக்கு மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் கடையை அடைத்தே ஆகவேண்டும், சாயங்காலம் இத்தனை மணிக்கு மேல் வியாபாரம் கூடாது என்றெல்லாம் ஷாப் ஆக்டில் இருக்கிறதாம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று போட்ட சட்டம். நல்ல சட்டம்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சி கடையில் வேலைக்கு இருந்தது அவர் பெண்டாட்டி பேராச்சி ஒருத்திதான். கடை திறந்திருந்தாலும் அடைத்திருந்தாலும் அவளுக்கு ஓய்வு கிடையாது.

சட்டத்தை ஏய்க்க அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். கடையேதான் அவர்களுக்கு வீடு, படுக்கை மேலே பரணில். திங்கட்கிழமை விடிந்ததும் முன்பலகைகளை உள்ளேயிருந்தே அடுக்கிவிடுவார்கள். பக்கத்தில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்த ஹமீது வந்து வெளியே பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அவர் பட்டறைக்கு விடுமுறை வேறு கிழமை. இன்ஸ்பெக்டர் சாவந்த் வந்தால் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வியாபாரம் முழுக்கப் பின்பக்கம், சாக்கடை ஓரத்துக் கம்பி ஜன்னலில். புளியும் கருப்பட்டியும் வாங்க நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த நாற்றத்தில் நிற்போம்.

முன்பக்கம் யாராவது தட்டினால் உள்ளே இருப்பவர்களும் ஜன்னலில் நிற்பவர்களும் வாயைத் திறக்கக் கூடாது. பேச வேண்டியதை ஹமீது பேசிக்கொள்வார். உள்ளே கேட்கிற மாதிரி உரக்கவே பேசுவார். அவர் என்ன பொய் சொன்னார் என்று அண்ணாச்சிக்கும் தெரிய வேண்டுமே.

அந்த ஏற்பாட்டில் ஒரு தடவை மண் விழுந்தது. சாவந்தின் பியூன் பெரிய கில்லாடி. எங்களோடு பழகிப் பழகி நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். ஒரு திங்கட்கிழமை முன்பலகையைத் தட்டி, “அக்கா, பேராச்சி அக்கா, அவசரம்” என்றான். யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, “பின்னால வாங்கய்யா” என்று பேராச்சி குரல் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். கோர்ட், அபராதம், அலைச்சல். அண்ணாச்சி அடிக்கவில்லை, திட்டினார். இரண்டு மாதம் திட்டினார். சோற்றில் உப்புக் குறைந்தால்கூட அந்தப் பேச்சில்தான் போய் முடியும்.

பேராச்சிக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது சந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். குழாயடியில் ஒரு நாள் தானாகவே சொன்னாள். பெயர் நெல்லையப்பன். தாய் செத்த பிறகு அவள்தான் வளர்த்தாள். கல்யாணம் ஆகிப் பம்பாய்க்கு வரும்போது கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். அப்போது அண்ணாச்சிக்குச் சொந்தக் கடை இல்லை. மாட்டுங்காவில் வேறொருவர் கடையில் நின்றுகொண்டிருந்தார். பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் பார்க்கப் பந்தருக்குப் போய்விடுவான். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்து அண்ணாச்சி பெல்ட்டால் விளாசிவிட்டார். மறுநாள் பையனைக் காணோம். அப்போது அவனுக்குப் பதிமூன்று வயது.

“அதுக்கப்புறம் அவன் பேர எங்க வீட்டுல யாரும் சொல்றதில்ல பார்வதி. நான் சொன்னா இவுக எந்திரிச்சி வெளிய போயிருவாக” என்றாள் பேராச்சி. குற்றம் உறுத்துகிறவர்கள் அப்படித்தான் எழுந்து போவார்கள். எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் மறுநாள் அவர் கடையில்தான் போய் எண்ணெய் வாங்கினேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம், மழைக்காலம் முடிந்த சமயம். அன்றைக்குத் திங்கட்கிழமை, மத்தியானம் தாண்டியிருக்கும். நான் ஜன்னலில் வத்தல் வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி தராசை அப்படியே பிடித்துக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

“அக்கா” என்றது ஒரு குரல். நல்ல கனத்த ஆண்குரல். கொஞ்சம் பொறுத்து, “பேராச்சி அக்கா” என்றது.

பேராச்சி பலகைப் பக்கம் திரும்பினாள். கம்பி வழியாக அவள் முகத்தின் ஒரு பக்கம் எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தம்பி ஓடிப்போகும்போது அவனுக்குக் குரல்கூட உடையவில்லை. இருந்தாலும் அவளுக்குள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்துப் போய்ப் பலகையில் கையை வைத்தாள். அண்ணாச்சி தலையை ஆட்டினார். “திரும்பவும் கோர்ட்டுக்கு இழுத்து விட்ராதட்டீ” என்றார், உதடு மட்டும் அசைய. அவள் கையை எடுத்துவிட்டாள்.

வெளியே ஹமீதின் குரல் ஓங்கிக் கேட்டது. “யாரு வேணும்? கடக்காரரா? அவங்க கடையவே காலி பண்ணிட்டு ஊரோட போயிட்டாங்களே. இனிமே வர மாட்டாங்க.”

அதன்பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பட்டறைப் பையன்கள் பெல்ட்டுக்குத் துளை போடும் சுத்தியல் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அண்ணாச்சி வத்தலை நிறுத்துக் கொடுத்தார். பேராச்சி மட்டும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெயில் தாழ்ந்த பிறகு நான் முன்சந்துக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் இனிமேல் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டு ஹமீது பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். திறந்ததும் பேராச்சி வெளியே வந்து, “யாரு வந்தது?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“யாருன்னு தெரியல மைனி. வெள்ளச் சட்ட, பேன்ட்டு, பளபளன்னு பூட்ஸு. இன்ஸ்பெக்டர் ஆளு, அன்னிக்குப் பியூன் பண்ணுன மாதிரி அக்கான்னு கூப்பிட்டு ஏமாத்துறான்னுதான் நெனச்சேன். அப்புறம் தண்ணி கேட்டான். குடிச்சிட்டு என் படியிலயே உக்காந்துட்டான். கப்பல்ல வேலையாம். மாட்டுங்காவுல கேட்டு வழி கண்டுபிடிச்சானாம். சாயங்காலம் கடல்ல தண்ணி ஏறுனதும் கப்பல் கெளம்பிருமாம். அதுக்குள்ள பாத்துட்டுப் போகலாம்னு லீவு சொல்லிட்டு வந்தானாம்.”

“பேரு?”

“நெல்லையப்பன்னான்.”

ஹமீதுக்கு விஷயமே தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். “அக்கா என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுவாளான்னு கேட்டான் மைனி. உங்களுக்குத் தம்பி உண்டுன்னே எனக்குத் தெரியாதே. அப்படி ஒரு பேச்சே நான் கேட்டதில்லையேன்னேன். சரின்னுட்டு எந்திரிச்சிப் போயிட்டான்.”

அவள் அலறவில்லை. “ஐயோ, எஞ் செல்லம்” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் சயான் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள். பின்னால் அண்ணாச்சி, ஹமீது, நான். அண்ணாச்சி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினார். மஸ்ஜித் பந்தருக்கு ரயில் ஏறினோம். ஹமீது, “எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா மைனி” என்று மறுபடி மறுபடி முனகிக்கொண்டே வந்தார்.

துறைமுகக் கேட்டில் காவல்காரன் கையை நீட்டி மறித்தான். “பாஸ்?”

எங்களிடம் பாஸ் ஏது? அண்ணாச்சி தனக்குத் தெரிந்த இந்தியிலெல்லாம் கெஞ்சினார். இத்தனை வருஷம் சட்டத்துக்கு டிமிக்கி கொடுத்தே பழகிய மனிதருக்கு அதன்முன் கைகட்டி நின்று கெஞ்சத் தெரியவில்லை, பாவம். ஒருமுறை அதட்டினார், ஒருமுறை கும்பிட்டார், கடைசியில் அழுதார். காவல்காரன் வயதானவன், கெட்டவன் இல்லை. “எந்தக் கப்பல், பெயரைச் சொல்” என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் ஹமீதைப் பார்த்தோம். ஹமீது கப்பல் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று நினைத்த ஆளிடம் யார் அதையெல்லாம் கேட்பார்கள்?

காவல்காரன் எங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் உள்துறைக் கதவைத் திறப்பார்களாம். வழிகாட்டி பைலட் ஏறிவிட்டால் அதன்பிறகு எந்தக் கப்பலையும் யாருக்காகவும் நிறுத்த முடியாதாம். இந்தத் தண்ணீருக்கு மூன்று கப்பல் வெளியே போகிறதாம், மூன்றிலும் பைலட் ஏறியாகிவிட்டதாம். “மந்திரி வந்தாலும் நிற்காது தாயே” என்றான்.

கிடங்குகளின் கூரைக்கு மேலே ஒரு புகைப்போக்கி மெதுவாக நகர்ந்து போனது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதை இருட்டு மறைத்துவிட்டது. எதைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் பேராச்சி மூன்றையும் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். ஊரில் அவர்களுக்கு வீடும் கிடையாது, உறவும் கிடையாது. இனி அவன் எங்கே போய் அக்காவைத் தேடுவான்? தேடத்தான் மனசு வருமா? அவன் பேச்சையே எடுக்காத அக்கா என்று அல்லவா நினைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அதன்பிறகு வந்த முதல் திங்கட்கிழமை ஹமீது பூட்டோடு வந்து நின்றார். பேராச்சி பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி உள்ளே மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார், தடுக்கவில்லை. அன்று அவள் முன்பக்கமும் விற்கவில்லை, பின்பக்கமும் விற்கவில்லை. பின்ஜன்னலுக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடை வாசலில் சந்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மறு திங்களும் அப்படித்தான். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை சாவந்த் வந்தார். பட்டப்பகலில் வாயைப் பிளந்துகொண்டிருந்த கடையை நம்ப முடியாமல் பார்த்தார். வியாபாரம் நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். விடுமுறை நாளில் கடை திறந்திருந்தாலே குற்றம் என்றார். அவர் பிழைப்பு அது. கேஸ் புத்தகத்தை எடுத்துப் பெயரைக் கேட்டார்.

பேராச்சி எழுந்தாள். குரல் உயரவில்லை. “எழுதிக்கிடுங்கய்யா. கதவத் தொறந்து வச்சதுக்கு அபராதம் போடுதீக, கட்டுதேன். அன்னிக்கு என் தம்பி வந்து தட்டும்போது உள்ள இருந்துக்கிட்டே தொறக்காம இருந்தேனே, அதுக்கு என்ன போடுவீக?”

சாவந்துக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக எங்களுக்கும் அவருக்கும் நடுவில் பேசுகிற ஹமீதின் பக்கம் திரும்பி, “க்யா போல் ரஹீ ஹை?” என்று அவள் சொன்னதன் அர்த்தத்தைக் கேட்டார்.

ஹமீது பட்டறைக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. சாவந்த் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.