சாப்பிட்டயா, லோர்னா?

…கணினியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும், இது அவளுக்குத் தெரியாததா, ஆனால் நிறுத்தினால் அந்தக் கேள்வி போய்விடும், பிறகு எங்கே போய்த் தேடுவது… லோர்னா கணினிக்கு முன்னால் அசையாமல் இருந்தாள். வெளியே மழையில் வாவி சாம்பலாகக் கிடந்தது, பொழுதுபட யோகராசா தேற்றாத்தீவில் தோணியைத் தள்ளிவிடுவார், தண்ணீர் ஏறுமுன் அவருக்குப் போகவேண்டிய எச்சரிக்கை நேற்றும் போகவில்லை. “வலையும் போயிற்று மிஸ், நானும் போகப் பாத்தன், அந்தப் பெட்டிய ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்களன்,” என்று காலையில் கெஞ்சினார். பெட்டியாம்! அவள் கணவன் றெக்ஸ் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். வாவியின் நீர்மட்டம் பார்த்து மீனவர்களின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் நிரல், லிஸ்ப் என்ற நிரல்மொழியில் அவன் எழுதியது, அடைப்புக்குறி எண்ணியே கண் போகப்போகிறது என்று அவள் பழித்தது. லிஸ்பின் வசதியும் அதுதான் வினையும் அதுதான், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே புதிய வரியைத் தட்டிவிடலாம், அந்தக் கணமே உயிர்பெறும், கோப்பில் எழுதாவிட்டால் நினைவகத்தில் மட்டும் இருக்கும், நிறுத்தினால் அழிந்துவிடும். கோப்பில எழுதி வை றெக்ஸ், எழுதி வை என்று எத்தனை தரம் சொன்னாள். “பிறகு எழுதலாம்.” எங்கே எழுதினான், செங்கலடிச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு போய்விட்டான்…

அடக்கம் முடிந்த அன்று பொழுதுபடத்தான் முதலில் ஃபோனில் வந்தது. ‘லோர்னா, சாப்பிட்டயா?’ அவன் வாகரைப் பக்கம் நீர்மட்ட அளவுகோல் பார்க்கப் போனால் சிக்னல் கிடைக்காது, அப்படித் தன் ஃபோன் எட்டாத நாளில் தன் சார்பில் கேட்கச் சொல்லி நிரலுக்குள் தட்டியிருக்கிறான் என்று பிறகுதான் விளங்கியது, கோப்பில் தேடினாள், ஒரு எழுத்தும் இல்லை. பேயில்லை, அவன் எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான்… அப்படியென்றால் பொழுதுபடும்போது ஏன் தலைவாரிக்கொண்டு காத்திருக்கிறாள்? பதில் மட்டும் எழுதியதில்லை, செத்தவனுக்கு யார் பதில் எழுதுவார்கள். சரி, முதலில் இதைப் பார், நினைவகம் ஏன் நிரம்பி வழிகிறது, எது அடைத்துக்கொண்டிருக்கிறது… நிரலையே கேட்டாள். திரையில் வரிசையாக வந்தன. அவன் கேள்விகள்தான். ஒவ்வொரு மாலையும் கேட்டது பதிலுக்காக உள்ளே காத்திருக்கிறது, எதுவும் இன்னும் மூடப்படவில்லை, அவற்றுக்குப் பின்னால்தான் யோகராசாவின் எச்சரிக்கை வழியில்லாமல் நிற்கிறது. நானா, என் மௌனமா அந்த மனிசனை மூழ்கடிக்கப் பார்த்தது?

ஃபோனை எடுத்து நேற்றைய கேள்விக்கு ‘ஓம், சாப்பிட்டன்’ என்று அனுப்பினாள். திரையில் ஒன்று குறைந்தது. அப்பாடா, எல்லாவற்றுக்கும் இப்படியே எழுதிவிட்டால் நிறுத்தவே தேவையில்லை… ஃபோன் அதிர்ந்தது. ‘என்ன கறி?’ இதை அவள் ஒருநாளும் கண்டதில்லை, கடவுளே, இதையும் எழுதி வைத்திருந்தானா. திரையில் மறுபடி ஒன்று கூடியது. பதில் சொன்னாலும் நிரம்பும், சொல்லாவிட்டாலும் நிரம்பும். கறியா… அடுப்பு மூட்டி எத்தனை நாள், விடியத் தேத்தண்ணி குடித்ததோடு சரி.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. யோகராசாவுக்குத் தானே ஃபோன் எடுத்தாள்.

“இண்டைக்கு இறங்காதீங்க, தண்ணி ஏறுது.”

“அப்ப பெட்டி சரியாயிற்றா மிஸ்?”

“ஓம்,” என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. வைத்த கையோடு பட்டியலில் அடுத்த தோணிக்காரரை அழைத்தாள், மணி போய்க்கொண்டிருந்தது, அவருக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர், நாளைக்கும் இப்படித்தானா, மழை விடும்வரைக்குமா… யாராவது ஒருவர் எடுக்காமல் விட்டால்?