பேனாட்டுக்குப் பிடிக்கும்

புலம்பெயர்ந்த தமிழரின் கத்தோலிக்கப் பங்கின் ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளைத் திருத்துவது ஜெறோமின் பொறுப்பு. வாரம் முழுக்க டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகளோடு மல்லுக்கட்டும் அவருக்கு, விடுபட்ட ஒற்றுகளைப் போடுவதில் ஒரு சுகம்.

2006ஆம் ஆண்டு மலருக்கு அக்னெஸ் தன் கணவர் பேனாட்டைப் பற்றி எழுதியிருந்தார். மன்னாரில் ஒருநாள் கடலுக்குப் போன பேனாட் திரும்பவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. கட்டுரையில் காலங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. 'கலியாணத்துக்கு நீலச் சேலை கட்டினேன். பேனாட்டுக்கு நீலம் பிடிக்கும். நித்திரையில் குறட்டை விடுகிறவர். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.' ஜெறோம் எல்லாவற்றையும் இறந்தகாலத்துக்கு மாற்றி, திருத்திய படியை அவருக்கு அனுப்பினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்னெஸ் அந்தத் தாளோடு வந்தார்.

"அண்ணை, நீங்கள் அவரைச் சாக்காட்டிப் போட்டியள்."

ஜெறோம் தாளை வாங்கிப் பார்த்தார். "இல்லைத் தங்கச்சி, காலம் ஒத்து வரவேணும். வாசிக்கிற சனம் குழம்பும்."

"குழம்பட்டும். 'அவருக்குப் பிடித்திருந்தது' எண்டு நான் ஒருநாளும் வாயால சொன்னதில்லை. கோயில்ல செத்தவைக்குக் குடுக்கிற ஆத்துமாப் பூசைகூட இன்னும் குடுக்கேல்லை."

ஜெறோம் தன் திருத்தங்களை மறுபடி வாசித்தார். வீட்டை விட்டுக் கிளம்பாதவன் தொலைபேசியில் 'இந்தா, வந்திட்டன்' என்கிறான். இலக்கணமே அதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. விரைவுக்காக வளைந்து கொடுக்கிற விதி, காத்திருப்புக்காக வளையாதா?

பேனாவை எடுத்துத் தன் திருத்தங்களை வெட்டினார். ஓரிடத்தில் மட்டும் கை நின்றது.

"இதை மாத்தத்தான் வேணும். 'ஜோன்சனும் அவரும் போனார்கள். அவர் மட்டும் திரும்பினார்.' இதில திரும்பினது ஆர்?"

"என்ர தமையன். ஜோன்சன்."

"வாசிக்கிற ஆக்கள் பேனாட் எண்டு நினைப்பினம்."

அக்னெஸ் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பேனாட் திரும்பி வந்திருந்தார்.

"ஓம்," என்றார் கடைசியில். "ஜோன்சன் எண்டே போடுங்கோ."

மலர் வெளிவந்த கிழமை, லொங்குய்ய் மெட்ரோ நிலையத்தில், ஊரில் தமிழ் படிப்பித்த அருமைராசா மாஸ்டர் ஜெறோமைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஜெறோம், அக்னெஸின்ர கட்டுரையில காலமெல்லாம் பிழைச்சிருக்கு. நீர் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் மாஸ்டர். பாத்துத்தான் விட்டனான்."