நாலு மூலைக்கும் பட்டாம்பூச்சி

அழகு என்று வந்துவிட்டால் அக்காவுக்குக் கண் மண் தெரியாது. தைத்த பொருள் கச்சிதமாக இருந்தால் போதாது, அது போகிற பெட்டியும் பார்ப்பவர் கண்ணை நிறைக்க வேண்டும். அக்காவும் தங்கையும் நடத்தும் கடைக்குப் பலகையும் இல்லை, கல்லாவும் இல்லை. எல்லாம் தங்கையின் கைப்பேசிக்குள்தான். இறந்துபோனவர்களின் உடைகளை வீட்டார் அனுப்புவார்கள். அக்கா அவற்றை வெட்டி, கட்டிப்பிடித்துக்கொள்ளும் அளவில் தலையணையாகத் தைத்து அனுப்புவாள்.

தபால்தலை ஒட்டுவது மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. புதிது வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கடலுக்குப் போன அப்பாவின் சட்டைக்குப் படகு, தோட்டமே கதியென்று கிடந்த சித்தியின் சால்வைக்குப் பூ.

"பெட்டியைப் பிரிச்சதும் குப்பைக்குத்தானே போகப்போகுது? அதுக்கு இவ்வளவு ஜோடனையா?" என்பாள் தங்கை.

"போகட்டும்டி. கையில வாங்குற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் ஒட்டுறேன்."

அப்படியிருக்கும்போதுதான் அந்த மஞ்சள் கவுன் வந்தது. காய்ச்சலில் போய்விட்ட ஒரு சின்னப் பெண்ணுடையது. பார்த்தால் மனசு வலிக்கும் என்று மற்ற துணிகளையெல்லாம் உறவுக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்களாம். இது ஒன்றைத்தான் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதாக அந்தத் தாய் போனில் சொன்னாள். கத்தரிக்கோலை எடுக்கவே அக்காவுக்குக் கை வரவில்லை.

தைத்து முடித்து, அலசி அலசிப் பார்த்து, பட்டாம்பூச்சித் தபால்தலைகளைத் தேர்ந்தெடுத்தாள். பெறுநர் முகவரியையும் தன் முகவரியையும் ஒரே தாளில் எழுதிப் பெட்டிமேல் வைத்து, நாலு மூலைக்கும் ஒவ்வொரு பட்டாம்பூச்சியாக, பாதி தாளிலும் பாதி பெட்டியிலும் படும்படி ஒட்டினாள். பார்க்க அவ்வளவு லட்சணம்.

"பதிவுத் தபால்ல போடுங்கம்மா, பத்திரமா போகும்" என்றார் தபால் நிலையக் கவுண்டர்க்காரர். அதற்கென ஒரு பெரிய லேபிளை ஒட்டுவார்கள். இரண்டு பட்டாம்பூச்சி அதற்கடியில் போய்விடும். "சாதாரணத்துலயே போகட்டும்ங்க" என்றாள் அக்கா.

பெட்டி போய்ச் சேரவில்லை. அந்தத் தாய் கோபப்படாமல் கேட்டாள்: "இன்னும் வரலைங்களே?" ஒவ்வொரு முறையும் அதே மெல்லிய குரல். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் கடைசித் துணியைத் தன் அழகுப் பைத்தியத்துக்குப் பலிகொடுத்துவிட்டோமே என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். தங்கை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் சுட்டது.

கடைசியில் கவுண்டர்க்காரர்தான், தபால் பிரிக்கும் நிலையத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கே முகவரி இல்லாத பொட்டலங்கள் கிடக்கும் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது பெட்டி. யாரோ ஆசைப்பட்டுத் தபால்தலைகளை உரித்திருக்கிறார்கள். நாலு மூலையும் பிய்ந்து, முகவரித் தாளும் கூடவே போய்விட்டது. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். தபாலை இனி நம்பவில்லை. அங்கிருந்தே அந்தத் தாயின் ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

கதவைத் திறந்தவள் அக்கா நினைத்ததைவிடச் சின்ன வயசுக்காரி. பெட்டியை வாங்கியதும் பிரிக்கவில்லை. பிய்ந்த இடங்களை விரலால் தடவினாள்.

"என் தப்புதாங்க" என்றாள் அக்கா. மறைக்கத் தோன்றவில்லை. "பதிவுத் தபால்ல போடச் சொன்னாங்க. அழகு கெட்டுடும்னு நான்தான் கேக்கலை. நாலு மூலையிலயும் பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தேன். யாரோ உரிச்சுட்டாங்க. உங்க குழந்தையோடதைத் தொலைக்கப் பாத்தேன்."

"பட்டாம்பூச்சியா?"

"ஆமாங்க."

அந்தத் தாயின் முகத்தில் சிரிப்பு வந்தது. உதடு மட்டும் நடுங்கியது.

"எம் பொண்ணு கையில கிடைச்சிருந்தா அவளும் இதையேதாங்க பண்ணியிருப்பா. முதல் வேலையா உரிச்சிருப்பா. எங்க வீட்டு பிரிட்ஜ் முழுக்க அவ அப்படி உரிச்சு ஒட்டினதுதான், வந்து பாருங்க."

அக்காவுக்கு அடக்கிவைத்ததெல்லாம் உடைந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.