அம்மாவின் கறுப்புப் பாவாடை

கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கா தெரியும் வெஹேர் மலையூருக்கும் கடற்கரைக்கும் பத்து கிலோமீட்டர்தான். அதைக் கடக்க ஹசிந்தா இருபத்திரண்டு வருடம் எடுத்துக்கொண்டாள், ஆமையே வெட்கப்பட்டிருக்கும்.

சண்டை அம்மாவின் திருவிழா உடைக்காக. ஒருகாலத்தில் இங்கே ஆண்ட இஸ்லாமிய மூர்கள் விட்டுப்போனது என்று ஊர் பெருமை பேசும் உடை அது: கறுப்புப் பாவாடை, தலையோடு மூடும் கறுப்புப் போர்வை, வெளியே தெரிவது ஒரே ஒரு கண். அம்மா செத்த அன்று அக்கா ஒலிவா போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹசிந்தா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிவிட்டாள். அதன்பின் எந்தத் திருவிழாவிலும் இருவராலும் உடுத்த முடியவில்லை.

இந்தத் திருவிழாதான் அக்காவுக்குக் கடைசி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அலைச்சறுக்குக்காரர்களை ஆப்பிரிக்காவரை தூக்கி எறிகிற கிழக்குக் காற்றில், ஹசிந்தா பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டு மலையேறினாள். அக்கா கதவைத் திறப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

திறந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் பார்த்தது.

“வந்துட்டியா கழுதை? வழியே மறந்துபோச்சோன்னு நெனச்சேன்.”

“என்கிட்ட எதுக்குக்கா முகத்தை மூடிக்கிறே?”

“இப்படி இருந்தா பாதி அழுகைதான் உனக்குத் தெரியும். மிச்சம் எனக்கு.”

ஹசிந்தா மண்டியிட்டு, எலும்பாகிவிட்ட அந்த இடுப்பில் பாவாடையைக் கட்டினாள். துணி இரண்டு சுற்று வந்தது. அம்மாவுக்கு ஒரு சுற்றுதான் வந்தது. கைகோத்துத் தெருவில் இறங்கினார்கள்.