எண்ணெய் கலக்காத பெட்ரோல்

கோப்பு இத்தனை மெலிதாக இருக்கும் என்று சீவ் நினைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் ஒரு வருடத்தை விழுங்கிய கோப்பு அது.

"தண்ணி வேணுமா?" என்றாள் ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகர ஆவணக் காப்பகத்து ஊழியை. "சில பேர் படிச்சிட்டு அழுவாங்க."

"நான் அழ வரல. காட்டிக்கொடுத்தவ பேரைப் பார்க்க வந்தேன்."

பேர் தெரிந்ததுதான். ராக்னில்ட். ஐம்பது வருடமாகப் பேசாத தோழி. போன வாரம் கடிதம் போட்டிருந்தாள், ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். அதைக் கிழித்துப் போடுமுன் ஓர் உறுதி தேவைப்பட்டது.

1973, கோடை. சீவ் நெசவாலைத் தொழிலாளியின் மகள், ராக்னில்ட் டாக்டர் மகள். இருவருக்கும் பதினைந்து. பூட்டாத மொபெட் கண்ணில் பட்டால் போதும், விரிகுடா வரை ஒரே ஓட்டம். குளியல், பங்கு போட்ட இலவங்கப்பட்டை பன், ஈரத் தலையில் பெட்ரோல் வாசனை. பிறகு டாங்கை நிரப்பி, எடுத்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

"திருப்பிக் குடுத்தா அது திருட்டாடி? இரவல்," என்பாள் ராக்னில்ட்.

ஒரு திங்கட்கிழமை போலீஸ் வந்தது, சீவ் வீட்டுக்கு மட்டும். ஒரு வருடம் சீர்திருத்த இல்லம்.

பக்கத்தைத் திருப்பினாள். 'மொபெட் எஞ்சின் இறுகிவிட்டது. டாங்கில் எண்ணெய் கலக்காத பெட்ரோல். பங்க் ஊழியர் செம்பட்டை முடிப் பெண்ணை அடையாளம் காட்டினார்.'

அவள் கை தானாகத் தலைக்குப் போனது. அன்றைக்கு நிரப்பியது அவள்தான். அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இறுகிவிடும். அன்று அதை மறந்தே போயிருந்தாள்.

கீழே இன்னொரு குறிப்பு. 'டாக்டரின் மகள் ராக்னில்ட் மூன்று முறை நேரில் வந்து, வண்டியைத் தானும் சேர்ந்தே எடுத்ததாகச் சொன்னாள். நல்ல குடும்பத்துப் பெண். தோழியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.'

மூன்று முறை.

"தண்ணி?" என்றாள் ஊழியை மெதுவாக.

"குடும்மா."

வெளியே வந்து, கடிதத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் வயதான குரல்.

"யாரு?"

"நான்தான். சீவ்."

அதே பழைய அதட்டல்.

"ஏண்டி, அன்னிக்கு எண்ணெய் ஊத்தினியா இல்லையா?"

"இல்லடி."

"நெனச்சேன்," என்றாள் ராக்னில்ட். "எப்ப வர்றே?"